வேலை தேடும் கூட்டமா? வேலை தரும் கூட்டமா?

(ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் மாணவ, மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியைக் கேட்காத பெரியவர் உங்கள் தெருவில் எவரும் இருக்க மாட்டார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் பதில்களும் எனக்குத் தெரியும். நன்றாகப் படிப்பவர் டாக்டர் என்பார், இன்ஜினியர் என்பார். மதிப்பெண் குறைந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்குப் பதிலாக அவருடைய தகப்பனார், "பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, மாமா விசா அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்" என்பார். பெண் பிள்ளையாக இருந்தால் பல வீடுகளில் இந்தக் கேள்வியே கேட்கப்படுவதில்லை!

டாக்டராவது நல்லது. வெளிநாடு சென்று உழைத்துக் குடும்பத்தைக் காப்பதும் குறைவானது அல்ல. ஆனால் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் எவரோ ஒருவர் தரும் வேலைக்காகக் கை நீட்டி நிற்பார்களானால், அந்த வேலையைத் தருபவர் யார்? "நான் நாலு பேருக்கு வேலை கொடுப்பேன்" என்று சொல்லும் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? அந்தப் பதிலைச் சொல்லத் துணிவு வேண்டும், அறிவும் வேண்டும், பொறுப்பும் வேண்டும். இந்த மூன்றைப் பற்றியும் உங்களோடு பேசவே வந்திருக்கிறேன். இதற்கான பாடங்களைத் தேடி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே, பாலாற்றங்கரையிலேயே அவை கிடக்கின்றன.

நம் மண்ணின் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகறிந்த ஊர்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் இங்கே எப்படி வேலை நடந்தது? உப்பிட்ட தோல் வரும். சுண்ணாம்புக் குழியில் ஊறும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமாகும். பின்னர் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறும். இலண்டனிலும் ஐரோப்பாவிலும் அதை வாங்கியவர் மெருகேற்றினார், சாயம் கொடுத்தார், காலணியாகவும் கைப்பையாகவும் தைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றார். உழைப்பு இங்கே, நாற்றம் இங்கே, அழுக்கு நீர் இங்கே. பெரிய இலாபம் மட்டும் அங்கே!

1972ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு இந்த நிலையை மாற்ற வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 1970களில் கச்சாத் தோலை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கும் அளவு விதிக்கப்பட்டது. முழுப் பதம் செய்த தோலையும், அதிலிருந்து செய்த பொருட்களையும் அனுப்புங்கள் என்று அரசு சொன்னது.

அந்த நாளில் இவ்வூர் வியாபாரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்த வியாபாரத்தின் கதவு மூடப்படுகிறது. புதிய இயந்திரம் வேண்டும், புதிய முதலீடு வேண்டும், தெரியாத தொழிலைக் கற்க வேண்டும். "அரசு நம் வயிற்றில் அடித்துவிட்டது" என்று புலம்பியபடி நின்றுபோனவர்கள் உண்டு. "தோலை விற்றது போதும், இனி ஷூவை விற்போம்" என்று துணிந்தவர்களும் உண்டு. இன்று ஆம்பூரில் தைக்கப்படும் காலணி ஐரோப்பியக் கடைவீதிகளில் விற்பனையாகிறது என்றால், அது அந்தத் துணிந்தவர்களால் வந்தது.

இதுதான் முதல் பாடம். பொருளை அப்படியே விற்பவனுக்குக் கூலி கிடைக்கும். அதில் தன் அறிவைச் சேர்த்து விற்பவனுக்குத்தான் வளர்ச்சி கிடைக்கும். இது தோலுக்கு மட்டும் உரியதன்று. மாங்காயை மூட்டையாக விற்பவருக்கும், அதே மாங்காயைச் சுத்தமான ஊறுகாயாக்கிப் புட்டியில் அடைத்துப் பெயரிட்டு விற்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கணினி பழுது பார்க்கத் தெரிந்தவருக்கும், பத்துக் கடைகளின் கணக்கைக் கணினியில் ஏற்றித் தரத் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

படிப்பை விட்டுவிட்டா தொழில்?

"வியாபாரத்துக்குப் படிப்பு எதற்கு? பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார வேண்டியதுதானே!" என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அதற்குச் சான்றாகப் படிக்காமலே பணக்காரரான ஒருவரைக் காட்டுவார்கள். படிக்காததால் ஏமாந்து, கடனில் மூழ்கி, கடையை மூடியவர்களைக் காட்ட மாட்டார்கள்!

அசிம் பிரேம்ஜியின் பெயரை அறிவீர்கள். 1945இல் மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் அவருடைய தந்தையார் தொடங்கியது சமையல் எண்ணெய், வனஸ்பதி தயாரிக்கும் கம்பெனி. 1966இல் தந்தையார் இறந்தபோது பிரேம்ஜிக்கு வயது 21. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பிப் பொறுப்பேற்றார். எண்ணெயோடு அவர் நின்றுவிடவில்லை. 1970களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, கணினித் துறையில் ஓர் இடம் காலியாவதைக் கண்டார், அதில் இறங்கினார். அந்த எண்ணெய்க் கம்பெனிதான் இன்றைய விப்ரோ.

கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. விட்டுப்போன பட்டப்படிப்பைப் பல ஆண்டுகள் கழித்து, பெரும் நிறுவனத்தின் தலைவரான பிறகு அவர் முடித்தார். பட்டம் இல்லாமலே உலகம் மதிக்கும் நிலையை அடைந்தவருக்கு அது எதற்கு? படிப்பின் அருமை அதை இழந்தவருக்குத்தான் தெரியும். பிரேம்ஜி படிப்பை நிறுத்தியது நெருக்கடியால். நெருக்கடி ஏதும் இல்லாத நீங்கள் ஏன் நிறுத்த வேண்டும்?

உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்துக்கென்றே பி.டெக். படிப்பு இருக்கிறது. காலணி வடிவமைப்பைக் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. டேனரியின் வாசலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே! நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்ததை நீங்கள் வேதியியலாக அறிய வேண்டாமா?

இங்கே ஒன்றை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். தோல் வணிகத்தில் பொருள் ஈட்டிய முன்னோர் அதைப் பெட்டியில் மட்டும் பூட்டி வைக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. 1951இல் திருச்சியில் தோன்றிய கல்லூரி, தோல் வணிகரான ஜமால் முஹம்மது சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965இல் மேல்விஷாரத்தில் தோன்றிய கல்லூரி அவ்வூரின் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வியாபாரம் செய்த அந்தத் தலைமுறை கல்வியை வீண் என்று எண்ணவில்லை. அப்படியிருக்க, அவர்களின் பேரப்பிள்ளைகள் வியாபாரத்தின் பெயரால் கல்வியைக் கைவிடுவது எந்த வகையில் நியாயம்?

கணக்கு இல்லாத வியாபாரம்

அடுத்த பாடம் கணக்கு. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். கரும்பலகை வேண்டாம், மனத்தில் போடுங்கள்.

கம்பெனியில் மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கி, நீங்களும் உங்கள் அண்ணனும் 100 மணிபர்ஸ் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குத் தோல், நூல், ஜிப், அட்டைப்பெட்டி, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து 140 ரூபாய். ஆக 14,000 ரூபாய் செலவு. ஒன்று 200 ரூபாய்க்கு விற்கிறது. 100 பர்சுக்கு 20,000. "6,000 ரூபாய் இலாபம்!" என்று துள்ளுவீர்கள். பொறுங்கள்!

எட்டுப் பர்சில் தையல் கோணல், கடைக்காரர் திருப்பிவிட்டார். விற்றது 92. கைக்கு வருவது 18,400. இலாபம் 4,400 ஆகிவிட்டது. சரி, நீங்கள் இருவரும் ஐந்து நாள் உழைத்தீர்களே, அதற்குக் கூலி யார் தருவார்? வெளியே வேலைக்குப் போயிருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கிடைத்திருக்கும் என்று கொண்டால், இருவருக்கும் 4,000. அதையும் கழித்தால் உண்மையான இலாபம் 400 ரூபாய்தான்!

இன்னும் ஒன்று உண்டு. கடைக்காரர் பணத்தை உடனே தரவில்லை. "இரண்டு மாதம் கழித்து வா தம்பி" என்கிறார். அதுவரை அடுத்த 100 பர்சுக்குத் தோல் வாங்க மீண்டும் 14,000 ரூபாய் வேண்டும். இலாபம் காட்டும் தொழிலே கையில் காசு இல்லாமல் முடங்கிப் போவது இப்படித்தான். அப்போதுதான் வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார்.

இந்தக் கணக்கைக் கேட்டு அஞ்ச வேண்டாம். திருத்த வேண்டிய இடங்களை இந்தக் கணக்கே காட்டிவிட்டது. தையலைச் செம்மையாக்கினால் எட்டுப் பர்ஸ் திரும்பி வராது. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கலாம். தோலில் பெயர் பொறித்துத் தந்தால் 200 ரூபாய்ப் பொருளை 250 ரூபாய்க்கு விற்கலாம். கணக்கு எழுதுபவனுக்குத்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். எழுதாதவனுக்கு, கப்பல் மூழ்கிய பிறகுதான் தெரியும்.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே சட்டைப் பையில் இருக்கக்கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றாததால் மூடப்பட்ட கடைகள் நம் கடைத்தெருவிலேயே ஏராளம்.

பாலாறு கேட்கும் கேள்வி

இனி நான் சொல்லப் போவது கசப்பானது. ஆனால் சொல்லாமல் போனால் இந்த உரை பாதி உரைதான்.

தோல் தொழில் இம்மண்ணுக்குச் சோறு போட்டது. அதே தொழில் இம்மண்ணின் தண்ணீரைக் கெடுத்தது. ஆவாரம்பட்டைப் பதத்திலிருந்து குரோமியப் பதத்துக்கு மாறிய பிறகு கழிவின் கேடு கூடியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது என்றும் ஆய்வுகள் கூறியதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதிப்படக் காரணமான வழக்குகளுள் இதுவும் ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தியா முழுதும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். வேலூரின் பெயர் இப்படியும் பரவியது!

அதன் பின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆயினும் துயரம் தீரவில்லை. 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெகுதொலைவு வந்த ஏழைகள். 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும், அதை மாசு செய்தவரிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது.

இதில் உங்களுக்கு என்ன பாடம்? "ஏற்றுமதி எவ்வளவு? இலாபம் எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்தார்கள்: "என் தொழிலின் அழுக்கு யார் வீட்டுக் கிணற்றில் போய் விழுகிறது?" அந்தக் கேள்வியை அவர்கள் கேட்காததால் நீதிமன்றம் கேட்டது. நீதிமன்றம் கேட்கும்போது அதற்கான விலை மிகப் பெரிது.

நாளைய தொழிலதிபர்களே! இந்தப் பிரச்சினையை ஒரு பழியாக மட்டும் பார்க்காதீர்கள். குரோமியத்தைக் குறைப்பது எப்படி? தண்ணீரை மறுபடியும் பயன்படுத்துவது எப்படி? கழிவுச் சேற்றை என்ன செய்வது? இவற்றுக்கு விடை காண்பவருக்கு இங்கு மட்டுமன்றி உலகம் முழுதும் வேலை காத்திருக்கிறது. ஊரின் நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பவரே ஊரின் பெரிய தொழில்முனைவோர். பாலாற்றைத் திரும்பப் பெறும் வேலை உங்கள் தலைமுறைக்காகக் காத்துக் கிடக்கிறது.

தலைமை என்பது நாற்காலியா?

தலைவர் என்றதும் மாலையும் மேடையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தலைமை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று போதும்.

1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் முன் வந்து நின்றவர் கலாம் அல்லர். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும், தம் குழுவின்மீது நம்பிக்கை இருக்கிறது என்றும் சொன்னார். 1980 ஜூலை 18ஆம் நாள் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றிகரமாக விண்ணில் நிறுத்தியது. அன்றும் பத்திரிகையாளர்கள் கூடினார்கள். தவான் கலாமை அழைத்து, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்றார்.

தோல்வி வந்தபோது தலைவர் முன்னே வந்தார். வெற்றி வந்தபோது பின்னே நின்றார். நம்மிடையே பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்!

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இதுதான் சட்டம். சரக்கு திரும்பி வந்தால் தையல்காரர்மீது பாயும் முதலாளியிடம் நல்ல தொழிலாளி நிலைக்க மாட்டார். "நான் சரியாகச் சொல்லித்தரவில்லையா, நான் பார்த்து அனுப்பவில்லையா" என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்பவரை விட்டுத் தொழிலாளி போக மாட்டார். உழைத்தவரின் கூலியைக் குறித்த நாளில் கொடுப்பது தலைமையின் முதல் அடையாளம். அதைச் செய்யாமல் விழா மேடையில் எத்தனை மாலை வாங்கினாலும் அது தலைமை ஆகாது.

தங்கைகளுக்கு ஒரு சொல்

இவ்வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளுக்குள் போய்ப் பாருங்கள். தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உலகச் சந்தைக்குப் போகும் காலணியின் தரம் அவர்களுடைய விரலில்தான் இருக்கிறது. ஆனால் மேலாளர் அறையில், வடிவமைப்பாளர் மேசையில், முதலாளியின் இருக்கையில் எத்தனை பெண்கள்?

தைக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கணக்கும் தெரிந்தால், வாங்குபவரோடு பேச ஆங்கிலமும் தெரிந்தால், அவர் ஏன் ஒரு பட்டறையை நடத்தக்கூடாது? பெற்றோர்களே! மகளின் படிப்பைப் பிளஸ் டூவோடு நிறுத்தி, அந்தப் பணத்தை நகையாக்குவதைவிட, அவருடைய பட்டத்தில் போடுங்கள். நகையை அடகு வைக்கலாம், விற்கலாம், திருடனும் எடுக்கலாம். கற்ற தொழிலை எவராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இன்றே என்ன செய்யலாம்?

"நாங்கள் மாணவர்கள்தானே, எங்களால் என்ன முடியும்?" என்று கேட்பீர்கள். உங்களால் ஆகக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு மாதம் உங்கள் வீட்டு வரவு செலவை எழுதுங்கள். தாயாரிடம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். ஒரு குடும்பத்தை நடத்துவது எவ்வளவு பெரிய நிர்வாகம் என்பது அப்போது புரியும்.

இரண்டு: விடுமுறையில் ஒரு தொழில் நடக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். பேக்கரியாகவோ அச்சகமாகவோ பணிமனையாகவோ இருக்கட்டும். உரிமையாளரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்படித் தொடங்கினீர்கள்? எப்போது நட்டப்பட்டீர்கள்? அதிலிருந்து எப்படி எழுந்தீர்கள்? பாடப் புத்தகத்தில் இல்லாத பாடங்கள் அங்கே கிடைக்கும்.

மூன்று: பள்ளியில் எந்தப் பொறுப்பு வந்தாலும் ஒதுங்காதீர்கள். விளையாட்டு விழாவுக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்வதும் தலைமைப் பயிற்சிதான். வேலை முடிந்ததும் செலவுக் கணக்கை ஆசிரியரிடம் ஒரு ரூபாய் பிசகாமல் ஒப்படையுங்கள். நம்பிக்கை என்ற முதல் அப்படித்தான் சேர்கிறது.

நான்கு: படித்து முடித்ததும் முதலாளி ஆகிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். நீங்கள் தொடங்க விரும்பும் தொழிலில் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேறொருவரிடம் வேலை பாருங்கள். அது சம்பளத்தோடு கிடைக்கும் கல்வி. அதன் பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் செல்லுங்கள். திருப்பத்தூர், இராணிப்பேட்டை, வேலூர் மூன்றும் 2019இல் தனித்தனி மாவட்டங்களாகிவிட்டன. உங்கள் மாவட்டத்தின் மையம் எது என்று அறிந்துகொள்ளுங்கள். தொழில் தொடங்குவோருக்கான கடன், மானியத் திட்டங்களைப் பற்றி அங்கே விசாரியுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே இடைத்தரகரை நம்பிப் பணம் கொடுக்காமல், அலுவலரையே கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழில் தொடங்கி முதல் முறை நட்டப்பட்ட இளைஞனை, "அப்போதே சொன்னேன், கேட்டாயா?" என்று குத்திக் காட்டாதீர்கள். திருமணத்தின் ஒரு வேளை விருந்துக்கு இலட்சங்களைச் செலவிடும் நாம், உழைக்கத் துணிந்த பிள்ளையின் இரண்டாவது முயற்சிக்குக் கைகொடுக்கத் தயங்குகிறோம். அனுபவமுள்ள வியாபாரிகள் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்கக்கூடாதா? பணம் கூடத் தேவையில்லை. பட்டறிவைக் கொடுங்கள், போதும்.

அருமைச் செல்வங்களே! உங்களில் ஒருவர் டாக்டராகலாம், ஒருவர் ஆசிரியராகலாம், ஒருவர் கடல் கடந்து உழைக்கலாம். எங்கே இருந்தாலும் கணக்கைச் சரியாக வையுங்கள். அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுக்காதீர்கள். பழி வரும்போது முன்னே நில்லுங்கள், புகழ் வரும்போது மற்றவரை முன்னே நிறுத்துங்கள்.

இனி எவரேனும் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், தொழிலின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "என்னால் எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரியப் போகிறது என்று பாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.